டைட்டு போதுமா மொதலாளி?

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். எழுபது வயதில் என் உடம்பில் பழுதில்லாமல் ஓடுவது அது ஒன்றுதான். அதையே பணயம் வைத்துச் சொல்கிறேன்.

தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கருணாகரன் அண்ணாச்சியிடம் நான் டிரைவர். வண்டி ஒரு பழைய பிக்கப். மேடு கண்டால் என்னைப் போலவே இருமும். கடைச் சரக்கைக் கொட்டிவாக்கம் கிளையில் கொண்டுபோய் இறக்குவது வேலை.

ஆடித் தள்ளுபடி சமயம். தேனாம்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருந்த மண்ணாங்கட்டி, வண்டியின் இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டி மாட்டிக் கொடுத்தான். அன்றைக்கென்று பார்த்து அண்ணாச்சி இரண்டு வண்டிச் சரக்கை ஒரே நடையில் ஏற்றச் சொன்னார். அடையாறு பாலம் தாண்டியதும் சக்கரத்து போல்ட்டுகள் முறிந்தன. சக்கரம் தனியாக ஓடிப்போய் ஒரு இளநீர் வண்டியில் முட்டி நின்றது. பித்தளை அண்டாக்கள் சாலையெங்கும் உருண்டன.

அண்ணாச்சி நேரே தேனாம்பேட்டைக்குப் போனார். தெருவே பார்க்க மண்ணாங்கட்டியை அறைந்தார்.

"நட்ட முறுக்கத் துப்பில்லாத பயலுக்குக் கடை ஒரு கேடா?"

அவன் கையிலிருந்த வீல் ஸ்பானரையும் பிடுங்கிவந்து, புலித்தோல் மாட்டுவது போல் தன் குடோன் ஆணியில் மாட்டிக்கொண்டார்.

மண்ணாங்கட்டி திருப்பி அடிக்கவில்லை. "டைட்டு பத்தலைன்ற. இனிமே டைட்டா வெக்கிறேன் பாரு மொதலாளி" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அவன் கடைக்கு ஒரு சைக்கிள் கூட வரவில்லை. பஞ்சர்காரனுக்குச் சொத்தே நல்ல பெயர்தான். அது போயிற்று. ஷட்டர் இறங்கியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, மண்ணாங்கட்டி போய்ட்டான்."

"எங்கவே?"

விரலை மேலே காட்டினேன்.

"சனியன் விட்டுது" என்றார் அண்ணாச்சி.

விடவில்லை.

குடோனில் பூட்டி நிறுத்திய வண்டி. காலையில் பார்த்தால் இடது முன் சக்கரத்தில் ஒரு போல்ட் முறிந்து கிடந்தது. புதிது போட்டோம். அதுவும் முறிந்தது. மற்ற சக்கரங்களில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி ஏறி உட்காரும் இடத்துக்குக் கீழே... அந்தச் சக்கரத்தில் மட்டும்.

மெக்கானிக் லூர்துசாமி முறிந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லூசாயி ஒடையல நைனா. பாரு, கழுத்து சன்னமா கீது. ஸ்பானர்ல பைப்பு சொருவி முறுக்கிக்கினே இருந்தா போல்ட்டு இப்டித்தான் நீண்டுக்கினு போவும். அப்பால பட்டுனு பூடும். யாரோ டைட்டு வெச்சிக்கினே கீறாங்கோ."

அண்ணாச்சியின் முகம் அலுமினியத் தட்டாக வெளுத்தது.

குடோனுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்புக் கயிற்றில். இன்னொன்று என் பையில். உள்ளே யார் போவது?

அன்று உச்சிப்பொழுது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணாச்சியும் நானும் வண்டியைப் பார்க்கக் குடோனுக்குள் போனோம். கரண்ட் இல்லை. இருட்டு.

ஆணியில் ஸ்பானர் இல்லை.

"நீ எடுத்தியாவே?"

"நான் உங்க கூடத்தான அண்ணாச்சி வர்றேன்?"

க்ரீக்...

வண்டிக்கு அந்தப் பக்கம். இரும்பை இரும்பு முறுக்கும் சத்தம்.

பெருச்சாளி என்றார். பெருச்சாளி நட்டு முறுக்காது என்றேன்.

க்ரீக்... க்ரீக்...

என் உடம்பு குலுங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

க்ரீ...க்...

டக்!

ஏதோ உருண்டு வந்தது. அண்ணாச்சியின் கால்விரலைத் தொட்டு நின்றது.

முறிந்த போல்ட்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம்... அந்தக் குரல்.

"டைட்டு போதுமா... மொதலாளி?"

அண்ணாச்சி மண்டியிட்டார்.

"லோடு ஏத்துனது நாந்தான்டே... ஒம் மேல தப்பில்லடே... விட்ருடே..."

"தெருவுல... சொல்லு."

மறுநாள் தேனாம்பேட்டையில், டீக்கடைக் கூட்டமெல்லாம் பார்க்க, அண்ணாச்சி மூடிய ஷட்டருக்கு மாலை போட்டார். குடோனில் வண்டிக்கடியில் கிடந்த ஸ்பானரை எடுத்துவந்து கீழே வைத்துக் கும்பிட்டார். "மண்ணாங்கட்டி முறுக்குனது சரி. சக்கரம் ஓடுனது என் பேராசையில" என்று உரக்கச் சொன்னார். அறைந்த அதே கையால் தன் கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"இத்த அந்த ஆளு இருக்கசொல்ல சொல்லியிருந்தா இன்னாவாம்?" என்றாள் பூக்கார முனியம்மாள்.

"அவனுக்குப் பிடிச்சதப் படைக்கணுமேவே?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். வஞ்சிரம் வறுவல் என்றேன். சுத்த சைவரான அண்ணாச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கிவந்தார். ஷட்டரை அரையடி தூக்கி, இலையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடினார்.

அன்றோடு போல்ட் முறிவது நின்றது. இன்றுவரை ஒன்றுகூட முறியவில்லை.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஸ்பானர் இல்லை. இலையில் முள் மட்டும் கிடந்தது.

அந்த வறுவலில் உப்பு தூக்கல் என்று, என் வீட்டுக்கு டீ குடிக்க வரும்போதெல்லாம் மண்ணாங்கட்டி இன்றைக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான்.