எட்டாம் சைஸ் வரை

“காசு குடுக்காத சாப்ட்வேர்ல என்ன அம்மிணி வந்துரப் போகுது?”

எங்கள் யூனிட் முதலாளி என்னிடம் இப்படிக் கேட்டபோது கோபம்தான் வந்தது. அந்த மென்பொருளில் என்ன வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நல்லூரில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன யூனிட் அது. நான் அங்கே போட்டோ எடிட்டர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங், அப்பா சாயப்பட்டறை. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். வேலை கிடைத்த புதிதில் ஐடி கார்டைக் கழற்றாமலே ரேஷன் கடைக்குப் போயிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை

யூனிட்டில் படம் வெட்ட ஓடியது காசு கட்டாமல் கிராக் செய்த திருட்டு மென்பொருள். அது கூடவே கொண்டுவந்த வைரஸ் ஒரு திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரையே பூட்டிவிட்டது. நல்ல வேளையாகப் பழைய டெம்ப்ளேட்டுகள் தனி ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வெள்ளிக்கிழமை பையருக்கு, அதாவது வெளிநாட்டில் எங்கள் துணியை வாங்குகிறவர்களுக்கு, கேட்டலாக் போக வேண்டும்.

ஒரிஜினலை மாத வாடகைக்கு எடுக்கலாம் என்றேன்.

“படம் வெட்டறதுக்கு மாசாமாசம் வாடகையா? தையல் மெஷினுக்கே நான் வாடகை குடுக்கறதில்ல.”

“அப்ப இலவசமா இருக்கறதுல செய்யறேனுங்ணா.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். “வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலைன்னா வேலைய கோயமுத்தூர் ஏஜென்சிக்குக் குடுத்தர்றேன். நீ பேக்கிங் டேபிளுக்குப் போயிக்கோ.”

பேக்கிங் டேபிளில்தான் என் அம்மா பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். நான் அங்கே போய் நிற்பதாக இல்லை.

பிரவுசரிலேயே ஓடும் ஒன்றை முதலில் பார்த்தேன். சின்னப் படங்களுக்கு நன்றாக இருந்தது. எங்கள் பெரிய கோப்புகளில் திணறியது. ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்கிற ரகமும் உண்டு. முதலாளியிடம் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது. கடைசியில் கிம்ப். முழுக்க இலவசம். படத்தை அடுக்கடுக்காக வைக்க லேயர் உண்டு, வேண்டாததை மறைக்க மாஸ்க் உண்டு, ஓரக்கோடு போடும் பென் டூலுக்குப் பதில் பாத் டூல் உண்டு. மெனு எல்லாம் வேறு இடத்தில் இருக்கும். ஒரு நாள் திட்டுவீர்கள், மறுநாள் கை பழகிவிடும்.

பேஸ் லேயர்

எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் படங்களில் சட்டை மட்டும் தெரியும். உள்ளே ஆள் இருப்பது போல உப்பியிருக்கும், ஆனால் ஆள் இருக்காது. தொழிலில் இதற்கு கோஸ்ட் படம், அதாவது பேய்ப் படம் என்று பெயர். வழக்கமாக டம்மிப் பொம்மைக்கு மாட்டி எடுத்து, பிறகு டம்மியை அழிப்பார்கள். எங்களிடம் டம்மியே கிடையாது. சைஸுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. எண் என்பது குழந்தையின் வயது. புதுச் சட்டையை மேஜையில் விரித்துப் படம் எடுத்து, டெம்ப்ளேட்டில் உள்ள உடம்பு வடிவத்தின் மேல் பொருத்துவேன்.

டெம்ப்ளேட்டின் அடியில் ‘பேஸ்’ என்று ஒரு லேயர். “அதத் தொடாத அம்மிணி” என்பது முதலாளி எனக்குப் போட்ட முதல் உத்தரவு. தொட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பாட்டு மணி அடித்து எல்லா மெஷினும் ஒன்றாக நின்றன. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்த அமைதி காதை அடைப்பது போல இருக்கும். இரண்டாம் சைஸ் டெம்ப்ளேட்டை கிம்ப்பில் திறந்து, இந்த சீசனின் மஞ்சள் யானை பிரிண்ட் சட்டையைப் பொருத்தினேன்.

சட்டைக் கழுத்திலிருந்து ஒரு குழந்தையின் தலை வந்திருந்தது.

பெண் குழந்தை. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. போன வாரம்தான் தைத்து முடித்த எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றது.

நான்காம் சைஸைத் திறந்தேன். அதே குழந்தை, கொஞ்சம் வளர்ந்து. ஆறில் முன்பல் இரண்டைக் காணோம். எட்டில் தோடு போட்டிருந்தாள். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலிருந்து காதோரம் போய் ஒளிந்திருந்தது. நான்கு படத்திலும் கேமராவைப் பார்க்கவில்லை. எனக்கு இடது பக்கமாக, படத்துக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. பழைய மென்பொருளில் பென் டூலால் கோடு போட்டு, சட்டைக்கு வெளியே தெரிகிற தலையையும் கைகளையும் மறைத்திருந்தார்கள். நான் வைத்திருந்த கிம்ப் அந்தக் கோட்டை மறைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஆறாம் சைஸ் படத்தின் ஓரத்தில் ஒரு பெரியவரின் கை, பலூனை ஆட்டிக்கொண்டு. மணிக்கட்டில் செம்புக் காப்பு. அந்தக் காப்பைத் தினமும் பார்க்கிறேன். முதலாளியின் கை.

அளவு கேட்க உள்ளே வந்த கட்டிங் மாஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். இருபது வருடமாக இங்கே இருப்பவர்.

“மொதல்ல கதவச் சாத்து கண்ணு.”

“யாருங்க இது?”

“மொதலாளி பாப்பா. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நிக்க வெச்சுப் படம் எடுப்பாங்க. டம்மி வாங்கறதுக்குப் பதிலா.” கதவை அவரே சாத்தினார். “காய்ச்சல்ல போயிருச்சு. எட்டாம் சைசுக்கு மேல பாப்பா வளரல கண்ணு.”

ஒவ்வொரு சீசனும் பையர் பத்து, பன்னிரண்டாம் சைஸ் கேட்பார்கள். “நமக்கு எட்டு வரைக்கும்தான்” என்று முதலாளி மறுத்துவிடுவார். மெஷின் போதாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

இடது தோள்

மறைப்புகளை நானே மறுபடி போட்டேன். கன்னத்தோரம், கழுத்து, விரல்கள் என்று மெதுவாகக் கோட்டை நகர்த்தினேன். கழுத்தைச் சுற்றி முடித்ததும் முகம் போய்விடும். சட்டை மட்டும் நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்தச் சட்டையும் எனக்குக் காலியாகத் தெரியவில்லை.

எல்லாப் படத்திலும் இடது தோள் சற்றுத் தூக்கியிருக்கும். பையர் ஒவ்வொரு முறையும் அதைச் சரி செய்யச் சொல்வார்கள், முதலாளி விடமாட்டார். நானும் தொடாமல் விட்டேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கேட்டலாக் போய்விட்டது.

முதலாளி வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். “பரவால்லியே அம்மிணி. பழைய மாதிரியேதான் இருக்குது.”

“இடது தோளையும் அப்படியே விட்டுட்டேனுங்ணா.”

என் முகத்தைப் பார்த்தார். “பாத்துட்டயா?”

“பாத்துட்டேனுங்ணா.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாப்பா உள்ள இருக்கறான்னு தெரியும். எனக்குத் தொறக்கத் தெரியாது. ஒருத்தர்கிட்டக் கேக்கவும் வாய் வரல. காட்டு.”

காட்டினேன். எட்டாம் சைஸ் வந்ததும் ஸ்டூலைத் திரைக்குப் பக்கமாக நகர்த்தினார். “நேரா நில்லுன்னா நிக்கவே மாட்டா” என்றார், அவள் பக்கத்து அறையில் இருப்பது போல. பிறகு கேட்டார்: “இந்த சாப்ட்வேர்ல இவள பத்தாம் சைசு ஆக்க முடியுமா?”

முடியும். இழுத்துப் பெரிதாக்கி, முகத்தைக் கொஞ்சம் நீட்டி, தோளை அகட்டினால் யாருக்கும் தெரியாது. அந்த அறையில் அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“பெருசு பண்ணலாமுங்ணா. ஆனா அது பாப்பாவா இருக்காதுங்க. நான் பண்ணுன வேற யாரோதான் இருக்கும்.”

எழுந்து போனார். பேக்கிங் டேபிள்தான் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: “பத்தாம் சைசுக்கு ஒரு டம்மி வாங்கிக்கச் சொல்லு. ஆர்டர் எடுத்தாச்சு.”

இலவச மென்பொருளுக்கு மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், எங்கள் கேட்டலாக் இன்றைக்கும் அதில்தான் போகிறது. ஆனால் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு லேயராகப் பாருங்கள். முன்னால் இருந்தவர் எதை அழித்தார், எதை மறைத்து மட்டும் வைத்தார் என்று தெரியாமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

டம்மி வந்தது. தலையில்லாத வெள்ளை உடம்பு, ஆணி அடித்தது போல நேராக நின்றது. முதல் சட்டையை மாட்டிப் பார்த்தேன். எங்கள் படம் மாதிரியே இல்லை. வேஸ்ட் பனியன் துணியை மடித்து இடது தோளுக்கு அடியில் வைத்தேன். முதலாளி வந்து பார்த்தார், துணியை எடுக்கச் சொல்லவில்லை. கேட்டலாக் போனதும் பையரிடமிருந்து அதே மெயில் வந்தது: இடது தோள் தூக்கியிருக்கிறது.

பத்தாம் சைஸ் ஆரம்பித்து இந்த சீசனோடு இரண்டு வருடம் முடிகிறது. பன்னிரண்டுக்கான டம்மியை நேற்று ஆர்டர் செய்துவிட்டேன்.