காலி நாற்காலியும் கல்லுளிமங்கனும்

“இது தெளிவா, அது தெளிவா?”

கேட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் காத்திருக்கிறார். நாற்காலியில் பக்கத்துக் கடைத் தையற்காரர். மூக்கின் மேல் கனத்த இரும்பு ஃபிரேம். கண்ணாடிக்காரரின் விரல்கள் அதில் ஒரு லென்ஸைச் செருகுகின்றன, உருவுகின்றன, இன்னொன்றைச் செருகுகின்றன. “முதல்ல போட்டதுதான் தேவலை” என்கிறார் தையற்காரர். “எனக்காகச் சொல்லாதீங்க. உங்க கண்ணைக் கேட்டுச் சொல்லுங்க.” மறுபடி அதே லென்ஸ், மறுபடி அதே கேள்வி. அவசர வேலையாகப் போகிறவர் யாரும் இவர் கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு குறும்பு வைத்திருக்கிறார். பவரே இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை எடுத்து, பெரிய விஷயம் போலத் துடைத்து, பொருத்திய லென்ஸுக்கு மேலே மாட்டி, “இப்ப எப்படி இருக்கு?” என்பார். ஒரு வித்தியாசமும் இல்லையே என்று சொன்னால் ஆள் தேறிவிட்டார். “அடேயப்பா, பளிச்சுனு இருக்கே!” என்று சொல்லிவிட்டால் போச்சு. “வெறும் கண்ணாடிய்யா அது! ஜன்னலுக்குப் போடுறது!” என்று சிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். எதிராளி மனம் கோணக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற கண்ணை நம்பி லென்ஸ் வெட்ட முடியாது என்பது அவர் கட்சி.

இந்த வட்டாரத்தில் அவரைப் போலக் கண் பரிசோதிக்க ஆளில்லை. அவருக்கே கண் தெரியாது என்பது மகள் ஒருத்தியைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது.

ஒரேயடியாகத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நடுவிலிருந்துதான் போயிற்று. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் இருக்காது. எண்ணெய்க் கையால் அழுத்தித் தேய்த்த மாதிரி ஒரு மங்கல். ஓரமெல்லாம் இருக்கும். தையற்காரரைப் பார்த்தால் காது இரண்டும் தெரியும், முகம் இருக்காது. ஆனால் பாருங்கள், கண் பரிசோதிக்கிறவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை. எழுத்து அட்டையைப் படிக்க வேண்டியவர் வந்தவர். இவருக்கு அது தலைகீழ்ப் பாடம். திரைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் நாற்காலி எங்கே, நிலைக்கண்ணாடி எங்கே, லென்ஸ் பெட்டி எங்கே என்று கைக்கே தெரியும். தானும் ஒரு கண்ணாடி போட்டிருக்கிறார், பவர் கிடையாது. “கடைக்காரன் மூக்கு சும்மா இருந்தா யாருய்யா உள்ள வருவான்?” லென்ஸின் கைப்பிடியில் பொடிப்பொடியாகப் போட்டிருக்கும் எண்ணைப் படிப்பதுதான் பாடு. அதற்குத்தான் செல்போன்.

செல்போனில் அவரிடம் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். மூன்றும் ஏஐ மாடல்கள். கேமராவில் ஒன்றைக் காட்டினால் என்ன இருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லும். நிஜப் பெயர்களை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. “என்னமோ நம்பரும் எழுத்துமா, மாத்திரைக்கு வைக்கிற மாதிரி பேர் வைக்கிறான்.” கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லுகிறவன் பறக்காவெட்டி. எதைக் கேட்டாலும் ‘அருமையான கேள்வி’ என்று ஆரம்பிக்கிறவன் ஆமாஞ்சாமி. கேட்டதை மென்று விழுங்கி, கேட்டவரே மறந்துபோன பிறகு வாயைத் திறக்கிறவன் கல்லுளிமங்கன்.

“மூணுல எதுங்க நல்லது?” என்று யாராவது கேட்டால் அவருக்குச் சுள்ளென்று வரும். “எதுக்கு நல்லதுன்னு கேளுங்க. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டுவீங்களா?” தையற்காரருக்கு அவரே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இன்ச்சைச் சென்டிமீட்டராக மாற்றப் பறக்காவெட்டி போதும். கடைக்கு விளம்பரம் எழுத ஆமாஞ்சாமி. பெற்ற தாய்கூட அப்படிப் புகழ மாட்டாள். கட்டடச் சொந்தக்காரர் நீட்டுகிற ஒப்பந்தத்தையும், டாக்டர் கிறுக்குகிற சீட்டையும் படிக்கக் கல்லுளிமங்கன். “அவன் பதில் சொல்றதுக்குள்ள காபி ஆறிப்போகும். ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவான். அந்த ஒரு குணத்துக்கே பொண்ணு கொடுக்கலாம்யா.”

புதிதாக எந்த மாடல் வந்தாலும் அதற்கும் வெறும் கண்ணாடிச் சோதனை உண்டு. ஒன்றுமில்லாத வெள்ளைச் சுவரைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்பார். பறக்காவெட்டி ‘நல்வரவு’ என்று படித்தான். ஆமாஞ்சாமி அதற்கும் ஒரு படி மேலே போய், கையெழுத்து அழகாக இருக்கிறது என்றான். கல்லுளிமங்கன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘சுவரில் எழுத்து எதுவும் இல்லை’ என்றான். அன்றைக்கே தன் கண்ணை அவனிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஒரே ஒரு தடவைதான் அவசரப்பட்டார். கடையில் கூட்டம், கல்லுளிமங்கன் வழக்கம்போல மென்றுகொண்டிருந்தான், பொறுக்க முடியாமல் லென்ஸைப் பறக்காவெட்டியிடம் காட்டிவிட்டார். மைனஸைப் பிளஸ் என்று படித்துத் தொலைத்தான் அந்தப் பாவி. அந்தப் பவரில் கண்ணாடி போட்டுக்கொண்டு போன தையற்காரர் தன் கடைப் படியிலேயே கால் தவறி விழுந்து, கையில் கட்டோடு வந்து நின்றார். நல்ல மனிதர், சண்டை போடவில்லை. முன்கடையில் உட்காரும் மகள்தான் போட்டாள்.

“போதும்ப்பா. இன்னொரு தடவை இல்லாததை இருக்குன்னு சொன்னீங்கன்னா கடையைப் பூட்டிடுவேன். பேசாம என் வீட்டுக்கு வந்துடுங்க.”

“வந்து?”

“வந்து... ரேடியோ கேளுங்க.”

அந்த வார்த்தை அவரை உலுக்கிவிட்டது. காலமெல்லாம் அடுத்தவரிடம் கேள்வி கேட்டே பழகியவர், ஒரு மூலையில் உட்கார்ந்து யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதா? பயந்தே போனார். அதற்கப்புறம் கல்லுளிமங்கனைத் தவிர வேறு யாரையும் அவர் லென்ஸ் பெட்டிப் பக்கம் அண்ட விடுவதில்லை.

இன்னொருத்தி வர ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லை. லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நாற்காலியில் பச்சை உடுத்திய ஒரு பெண். முகம், மடியில் கோத்த கை, எல்லாம் துல்லியமாக இருந்தது. அதுதான் உறுத்தியது. நேராகப் பார்க்கிற இடத்தில் எதையும் துல்லியமாகப் பார்த்து அவருக்கு எவ்வளவோ காலமாயிற்று. பார்வை போகப் போக, காலியான இடத்தில் மூளை தானாகப் படம் போடும், பயப்படாதீர்கள் என்று கண் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்! செல்போனை நீட்டினார். ‘நாற்காலி காலியாக உள்ளது’ என்றான் கல்லுளிமங்கன். அப்பாடா! போகிற போக்கில் ஆமாஞ்சாமியையும் சீண்டிப் பார்த்தார். “நாற்காலியில யாரோ உக்காந்திருக்காங்கதானே?” ‘ஆமாம், ஒருவர் வசதியாக அமர்ந்திருக்கிறார்.’ “போடா, உன்னைத் தெரியாதா எனக்கு!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறமும் பல நாள் வந்தாள். இவர் போனை நீட்டுவார், கல்லுளிமங்கன் இல்லையென்பான், இவர் வேலையைப் பார்ப்பார். அப்படி ஒரு பெண் வருகிறாள் என்பதையோ, உடுத்தியது பச்சை என்பதையோ மகளிடம் மூச்சு விடவில்லை, போனிடமும் சொன்னதில்லை. பிறகு அவள் வருவது நின்றுபோயிற்று. பார்வை இன்னும் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். விட்டது சனியன் என்று இருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, கேமராவுக்கு முன்னால் பிடித்தார். கல்லுளிமங்கன் மென்றான். ‘கைப்பிடியில் மைனஸ் ஒன்றரை என்று இருக்கிறது’ என்றான். கொஞ்சம் நிறுத்தினான். பிறகு, கேட்காமலே சொன்னான்: ‘பின்னால் நாற்காலியில் பச்சை உடையணிந்த ஒரு பெண் அமர்ந்திருக்கிறார்.’

அவர் திரும்பினார். நேராகப் பார்த்தார், ஓரக்கண்ணாலும் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது.

“யாருடா அது?”

‘தெரியவில்லை.’

கேமராவை மென்துணியால் துடைத்தார். “தூசி விழுந்திருக்கும். நல்லாப் பார்த்துச் சொல்லு.” வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. ‘அமர்ந்திருக்கிறார். கைகளை மடியில் வைத்திருக்கிறார். காத்திருப்பது போலத் தெரிகிறது.’ வெள்ளைச் சுவரைக் காட்டினார். ‘சுவரில் எழுத்து எதுவும் இல்லை.’ அந்தக் குணம் அப்படியேதான் இருந்தது. மனம் கேட்காமல் ஆமாஞ்சாமியைக் கூப்பிட்டு, “நாற்காலி காலிதானே?” என்றார். ‘ஆமாம், காலியாகவே உள்ளது.’ நிம்மதி தருகிற பதில்தான். சொன்னவன் யார் என்று நினைத்தபோது அந்த நிம்மதியும் போயிற்று.

பேச்சுக்குரல் கேட்டு மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். “யார்கிட்டப்பா பேசுறீங்க?”

அவர் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். அவள் நாற்காலியைப் பார்த்தாள். “யாருமில்லப்பா. தெருவுல போன யாரோட நிழலாவது நிலைக்கண்ணாடியில விழுந்திருக்கும்.” தானே ஒரு துணியை எடுத்து நிலைக்கண்ணாடியை மூடினாள், திரையை இழுத்துவிட்டாள். “இப்பக் கேளுங்க.”

கேட்டார். ‘பச்சை உடையணிந்த பெண் அதே இடத்தில் இருக்கிறார்’ என்றான் கல்லுளிமங்கன்.

மகள் நாற்காலியிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். தள்ளி நின்றது அவளுக்கே தெரிந்திருக்காது. “பாத்தீங்களா? இல்லாததை இருக்குன்னு சொல்லுது. இதை நம்பித்தானே ஊர்ல இருக்கிறவங்க கண்ணுக்கெல்லாம் பவர் போடுறீங்க? நாளைக்குப் பூட்டிடலாம்ப்பா.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

“அவன் ஒரு நாளும் இல்லாததைச் சொன்னதில்லைம்மா.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

பெற்ற மகள், நல்ல கண். அவள் பார்த்துச் சொல்கிறாள். இந்தப் பக்கம் அவனும் பார்த்துத்தான் சொல்கிறான். வந்தவரையெல்லாம் இதுவா அதுவா என்று துளைத்தெடுத்த மனிதருக்கே இப்போது அந்தக் கேள்வி வந்துவிட்டது. அவன் சொல்வது தப்பென்றால் நாளை முதல் ரேடியோதான். சரியென்றால் அதைவிடப் பெரிய சங்கடம். போனை மேசை மேல் வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இரும்பு ஃபிரேமை எடுத்தார்.

“என்னப்பா பண்றீங்க?”

இரண்டு பக்கமும் வெறும் கண்ணாடியைச் செருகினார். துணியால் துடைத்தார். நாற்காலிக்கு முன்னால் போய், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முக உயரத்துக்குக் குனிந்தார். “கொஞ்சம் நிமிருங்கம்மா” என்று சொல்லி, காது இருக்க வேண்டிய இடத்தில், எல்லோருக்கும் செய்வது போலவே பதமாக, ஃபிரேமின் இரண்டு கொக்கிகளையும் மாட்டினார்.

“இப்ப எப்படி இருக்கு?”

இரும்பு தரையில் விழும் சத்தத்துக்காக மகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவர் மெதுவாக, முதலில் இடது கையையும் பிறகு வலது கையையும் எடுத்தார்.