எல்லாக் கடிதத்திலும் அர்ஜன்ட்

கல்முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் இங்கிலீசுக் கடிதம் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தலையில் சிவப்பு எழுத்தில் 'அர்ஜன்ட்' என்று இல்லாத கடிதத்தை எங்கள் ஊர்க்காரர் கையில் வாங்கவே மாட்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை, அர்ஜன்ட். மருமகனுக்கு இடமாற்றம் வேண்டும், அர்ஜன்ட். பிறப்புச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் பிழை, அதுவும் அர்ஜன்ட். நானும் யோசிப்பதில்லை. அந்தச் சொல்லோடேயே ஒரு மாதிரிக் கடிதம் கணினியில் கிடந்தது. பெயரையும் விஷயத்தையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த, என் கூடப்பிறந்த ராத்தா ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். "தம்பி, எழும்ப ஏலாமக் கிடக்கன். வருத்தம் கூடிட்டு. என்ன ஊருக்கு எடுங்கடா." உம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதார். ராத்தாவுக்காகவும் அதே மாதிரிக் கடிதத்தைத்தான் திறந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

கொழும்புக்கு பஸ் ஏறி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரிலேயே கொடுத்தேன். தமிழ் கதைக்கும் அதிகாரி ஒருவர் வாங்கிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"இது அவசரம் சேர், ஆள் படுக்கையில கிடக்கிற" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க தம்பி. நாங்க திகதிப்படிதான் பாக்கிற" என்று மேசையிலிருந்த கட்டைக் காட்டினார்.

கட்டு முழுக்கச் சிவப்பு. மேலே இருந்த இரண்டு கடிதங்கள், சம்பளப் பாக்கி கேட்டு எங்கள் ஊர்க்காரருக்கு நான் அடித்தவை. ராத்தாவின் கடிதத்தை அவர் ஆக அடியில் வைத்தார்.

பிறகு 'மிக அர்ஜன்ட்' என்று ஒன்று அனுப்பினேன். அதற்கும் மேலான சொற்களைத் தேடி இன்னும் இரண்டு அனுப்பினேன். ராத்தாவின் போன் ஓய்ந்தது. என் இங்கிலீசும் தீர்ந்துபோனது.

கடைசியில் கடை மின்னஞ்சலுக்குப் பணியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ராத்தா மௌத்தாகிவிட்டாள். அங்கேயே அடக்கம் செய்யக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம்.

"எப்ப வாறாளாம் மகன்?" என்று உம்மா போனில் கேட்டார். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று பள்ளிவாசல் மௌலவி சொன்னார். சம்மதக் கடிதத்தை நானே அடித்தேன். தலையில் ஒன்றும் போடவில்லை. அதற்கு மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது.