செல்லையா அண்ணன் கட்டிவிட்ட துண்டு

முருகனடியார்களே, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் முருகன் கோயில் கமிட்டியில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிரில்தான் போன வருடம் அந்தக் காரியம் செய்தேன். செல்லையா அண்ணன் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபரேஷனுக்குப் பிறகு இடுப்பில் மூத்திரப் பையோடு கோயிலுக்கு வருவார். சுத்தம் கெடுகிறது என்று சொல்லி, பங்குனி உத்திரத்தன்று அவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தேன். அவரும் வெளியே போய் நின்றார்.

அப்போதே எனக்கு மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நானே முடிவு செய்து லேகியம் தின்றேன். இந்தச் சின்ன ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் தெரிந்த முகம். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. "முருகா, யாருக்கும் தெரியாமல் சரியாக்கு" என்பதுதான் என் வேண்டுதல்.

அதே உத்திரத்தன்று தீபாராதனை நேரம். வாசலருகே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் இடுப்பில் துண்டைச் சுற்றிக் கட்டினார்கள். திரும்பினால் செல்லையா அண்ணன். என் வேட்டியில் ரத்தம்.

"ஷரம், வெக்கம்லாம் பார்க்காத தம்பி. நானும் வெக்கத்துல மறைச்சு மறைச்சுத்தான் இந்தப் பை வரைக்கும் வந்தேன். நாளைக்கே டாக்டர்ட்ட காட்டு" என்றார், என் காதுக்கு மட்டும்.

மறுநாள் அவரே கூட வந்தார். மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய். மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். ஆசனவாயையே எடுத்துவிட்டு ஆயுசுக்கும் பை வைக்க வேண்டி வரலாம் என்று சென்னையில் சொன்னபோது அழுதுவிட்டேன். என் வேண்டுதல் மாறியது. பையோடு வந்தாலும் என்னை உன் முன்னால் நிற்க விடு என்று கேட்டேன்.

கதிர்வீச்சு முடிந்தது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமரா விட்டுக் கட்டியை எடுத்தார்கள். ஆசனவாய் தப்பியது. உள்தையல் ஆறும்வரை மட்டும் வயிற்றில் ஒரு மலப் பை.

அந்தப் பையோடு கந்த சஷ்டிக்குக் கோயிலுக்குப் போனேன். அண்ணன் அதே இடத்தில், வெளியே நின்றிருந்தார். அத்தனை மாதமும் அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"உள்ள போவோம்ண்ணே" என்று அவர் கையைப் பிடித்தேன். இருவரும் சன்னதி முன்னால் நின்றோம்.

இப்போது என் பையை எடுத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டவனை, முருகன் ஒருவருக்குத் தெரிய வைத்துக் காப்பாற்றினான். நான் பின்னால் தள்ளியவர் கண்ணில்தான் என் கறை பட்டது.

முருகனை நம்புங்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் என் கடைக்கு வாருங்கள். அந்தத் துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.