கை தவறாதவள்

அக்கா ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஐஸ் அக்கா’. மூச்சுத் திணறி வருகிறவர்களின் மணிக்கட்டில், நாடி துடிக்கிற இடம் பார்த்துக் குத்தி ரத்தம் எடுப்பாள். எடுத்ததை ஐஸ் போட்ட டம்ளரில் செருகிக்கொண்டு, காலில் சக்கரம் கட்டியவள்போல் ஓடுவாள். வெளியே வந்தபிறகும் ரத்தம் சும்மா இருக்காதாம், சிரிஞ்சுக்குள்ளேயே ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருக்குமாம். குளிரில் வைத்தால் கொஞ்சம் அடங்கும். எதிரே வந்த பெரிய டாக்டரையே ஒருமுறை இடித்துத் தள்ளியிருக்கிறாள். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அத்தான் பஸ் டிரைவர். வாயில் சிகரெட்டும் ஓயாது, கேலியும் ஓயாது. “வீட்ல என் ரத்தத்தைக் குடிக்கிறது போதலைன்னு ஊரார் ரத்தத்தை எடுக்கப் போறா” என்பார். அவளும் விடமாட்டாள், சாப்பாட்டு மேஜையிலேயே பாடத்தை ஆரம்பித்துவிடுவாள். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தம் நல்ல சிவப்பாக நாடிக்குழாயில் துள்ளி வரும். உடம்பெங்கும் அதை இறக்கிவிட்டு, கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கறுத்துத் திரும்பும். ஆபீசுக்கு கேரியர் கொண்டுபோகிறவர் எச்சில் பாத்திரத்தோடு திரும்புகிற மாதிரிதான். நாடிக்குழாயில் குத்தினால் ரத்தமே சிரிஞ்சின் தண்டை மேலே தள்ளும், இழுக்க வேண்டாம். ரத்தம் திரும்புகிற பக்கத்துக் குழாயில் பட்டால் கறுப்பு ரத்தம் வரும், தண்டும் தானாக ஏறாது, திரும்பக் குத்த வேண்டியதுதான். தனக்குக் கை தவறியதே இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அத்தான் போனபிறகு அந்த மேஜையில் பேச்சே குறைந்துவிட்டது.

அவர் இருந்த கடைசி மழைக்காலத்தில் அவருக்குக் காலையில் எழுந்தாலே தலைவலி. உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தார். கேலியும் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்டதோ, நுரையீரல் கைவிட்டுவிட்டதோ, ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். வேறு யாரையும் தொடவிடாமல் அக்காவே ஊசியை எடுத்தாள். ஐஸ் டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன்.

ரத்தம் கறுப்பாக வந்தது.

“ஆனைக்கும் அடி சறுக்கும். பக்கத்துக் குழாய்ல பட்டுடுச்சு” என்று அதை அப்படியே குப்பையில் போட்டாள். மறு கையில் குத்தினாள். அதுவும் கறுப்பு. ஆனால் சிரிஞ்சின் தண்டு தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவளுக்குத்தான் பார்க்க மனசில்லை. இதுவும் தவறிவிட்டது என்று முணுமுணுத்தபடி இன்னொரு ஊசியைப் பிரித்தாள்.

அத்தான் அரைக்கண் திறந்து அவள் விரல்களைப் பிடித்தார்.

“விடும்மா. உனக்கு என்னைக்குக் கை தவறியிருக்கு?”

அக்கா வாய்விட்டு அழுதாள். கை தவறியிருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.