வெந்நீர் ஊருக்கு ஓர் அட்டமிப் பயணம்

ஒரே ஒரு ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குக் குரலே எழும்பாதாம். ஊர் ஆக்லாந்து, கடை மவுண்ட் வெல்லிங்டனில், அந்த ஒருத்தி நான். பயணம் போகிறவர்களுக்கு விமானம் ஏறும்போது மட்டும்தான் பயம். அனுப்பிவைக்கிற எங்களுக்கு அவர்கள் போய்ச் சேரும்வரை பயம். இதே மாதிரிக் கதிரையில் இருந்து நகம் கடிப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

ஹோட்டல் படி

யோகம் அன்ரி நகரின் மறுகோடியில் உள்ள ரானுயியில் இருந்து ரயில் மாறி டிக்கெட் போட வந்தார். லண்டனில் இருக்கும் அண்ணனோடு பதினாறு வருடமாகப் பேச்சில்லை. இப்போது அண்ணனுக்கு இதய ஆபரேஷன்; திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் அவரைப் பார்த்துவிட வேண்டும். அண்ணனின் மகள் பாத் என்கிற ஊரில் அறைகள் பிடித்திருந்தாள். ரோமர் காலத்து வெந்நீர் ஊற்று உள்ள பழைய ஊர், லண்டனில் இருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அப்பாவை வெள்ளி இரவே கூட்டிவந்து, ஞாயிறு மூன்று மணி ரயிலில் திருப்பிக் கொண்டுபோவது அவள் திட்டம்.

"அவர் வீட்டிலேயே பாக்கலாமே, அன்ரி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணையின்ரை வீட்டுப் படி மிதிக்கமாட்டன் எண்டு பிள்ளையார் மேல சத்தியம் பண்ணினனான், பிள்ளை. ஹோட்டல் படியைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

குளிக்கவா, குடிக்கவா

ரோமர் கட்டிய குளத்தைப் பார்க்கத்தான் விடுவார்கள். குளிப்பதற்கு வேறு கட்டடம், அதன் மொட்டை மாடியில் வெந்நீர்த் தடாகம். நீச்சல் உடை கட்டாயம். ஊற்றுத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கவும் கொடுப்பார்கள். இவ்வளவையும் நான் விளக்கி முடிப்பதற்குள் அன்ரி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அறுபத்தெட்டு வயசில அரைக் காற்சட்டையோட அண்ணைக்கு முன்னால நிக்கச் சொல்லுறீரோ? எனக்குக் குடிக்கிற தண்ணி மட்டும் காணும்."

சமையலறைக் கலண்டர்

டிக்கெட் வியாழன் மாலை நாலு மணிக்கு. மூன்று நாள் இருக்கும்போது அன்ரியிடமிருந்து போன்: கலண்டரில் வியாழன் அட்டமி போட்டிருக்கிறது, பயணத்துக்கு ஆகாது, வெள்ளிக்கு மாற்று. வெள்ளி ஏறினால் பாத் போய்ச் சேரச் சனி மத்தியானம் ஆகும். நடுவில் ஒரு விமானம் பிந்தினாலும் எல்லாம் போச்சு. சொல்ல வாயெடுத்தேன். "சத்தமாக் கதையும், பிள்ளை" என்றார். பேசாமல் மாற்றிக் கொடுத்தேன்.

மாற்றிய பிறகுதான் உறைத்தது. அன்ரியின் சமையலறையில் தொங்குவது யாழ்ப்பாணத்தில் அச்சடித்த கலண்டர். அங்கே அட்டமி வியாழன் காலை பத்தரைக்குத் தொடங்கி வெள்ளி பத்து மணிவரை. ஆக்லாந்து நேரத்துக்கு அது வியாழன் மாலை ஐந்து முதல் வெள்ளி மாலை நாலரை வரை! வெள்ளி விமானமும் நாலு மணிக்குத்தான். நல்ல நேரத்து விமானத்தில் இருந்து இறக்கி, அட்டமிக்குள் அன்ரியை நானே ஏற்றியிருக்கிறேன். வியாழன் இருக்கை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. அட்டமிக் கணக்கை விழுங்கிவிட்டு, ஒரு வார்த்தை எச்சரிக்காமல் விமானம் மாற்றியதை மட்டும் முதலாளி ராகவன் சாரிடம் சொன்னேன். மதுரைக்காரர். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவாப் பேசுறது நல்ல குணம்தாம்மா. ஆனா பேசணும்ல?"

காலை ஏழு மணி

சனிக்கிழமை காலை அன்ரியின் மெசேஜ் வந்தது. முதல் விமானம் பிந்தி, மாறவேண்டிய விமானத்தை விட்டுவிட்டார். அடுத்தது இருபத்துநாலு மணி நேரம் கழித்து. ஞாயிறு மூன்று மணிக்கு முன் பாத்தில் கால் வைப்பதே சந்தேகம். இங்கிலாந்தில் விடியும்வரை கைபேசியைப் பார்த்தபடி கடையிலேயே இருந்தேன். எங்களுக்கு மாலை ஆறு, அவர்களுக்குக் காலை ஏழு. பாத் ஹோட்டலுக்குப் போன் அடித்தேன். அண்ணன்தான் எடுத்தார்; விமானம் பிந்தியதைச் சொன்னேன்.

"அவள் வரமாட்டாள் எண்டு எனக்கு முதலே தெரியும். பிந்தினது பிளேனோ, மனமோ? பிள்ளை, பெட்டியை அடுக்கு, போவம்." கடைசி வார்த்தைகள் அவர் மகளுக்கு.

பிறந்ததில் இருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. "அங்கிள், போனை வையாதேங்கோ! அவ வியாழனே வர இருந்தவ. பிழை என்ரை. நான்தான் டிக்கெட்டைப் பிழையா மாத்தினனான். நாளைக்கு மூண்டு மணிவரை நில்லுங்கோ!"

ராகவன் சார் கையில் இருந்த தேநீர் மேசையில் சிந்தியது. மறுமுனையில் அண்ணன் போனைக் காதுக்குத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டும், குரல் தூரத்தில் கேட்டது.

"காது அடைச்சுப்போச்சு. சரி, மூண்டு மணி. அதுக்குமேல ஒரு நிமிசமும் நிக்கமாட்டன்."

இரண்டாவது டிக்கெட்

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் அன்ரி கடைக்குள் வந்து என் முன்னால் அமர்ந்தார். ஞாயிறு ஹோட்டலுக்குள் நுழையும்போது மணி இரண்டு பத்தாம். பக்கத்தில்தான் தண்ணீர் கொடுக்கும் இடம். அண்ணனோடு அங்கே போய், ஆளுக்கொரு தம்ளரைப் பார்த்தபடி இருவரும் அரைமணி நேரம் பேசாமல் இருந்தார்களாம். அண்ணனின் மகள் கடிகாரத்தைப் பார்த்து எழும்பியபோது அண்ணன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாராம். "சின்னனில கீரிமலைக் கேணியில நீ என்னைத் தள்ளிவிழுத்தி நான் குடிச்ச தண்ணியும் இப்பிடித்தான்." கீரிமலையும் ஊற்றுக் கேணிதான், யாழ்ப்பாணக் கடற்கரையில். மூன்று மணி ரயில் போய்விட்டது. ஐந்து மணி ரயிலும். ஆபரேஷன் நல்லபடி முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறாராம்.

இனியும் மறைக்க முடியவில்லை. அட்டமிக் கணக்கைச் சொல்லிவிட்டேன். அன்ரி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப அட்டமியில ஏறிப் போய்த்தான் அண்ணையோட கதைச்சிருக்கிறன். அடுத்த அட்டமி எப்ப எண்டு பாத்து இன்னொரு டிக்கெட் போடும். ஆக்லாந்து நேரத்துக்குப் பாரும். ஹோட்டல் வேண்டாம்."

"சத்தியம்?"

"பிள்ளையாரோட நான் கதைச்சிட்டன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அன்ரி ரயிலடிப் பக்கம் நடந்து போக, ஹோட்டல் வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரைப் பார்த்து முதலாளிக்குத் தெரியாமல் சந்தோஷப்பட்டவள் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.