படிப்பகத்துச் சாவி

எங்கள் ஊராட்சியில் நான் ஒரு வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால் வீட்டில் என்னை நிறுத்தினார்கள். பத்தாவது வரை படித்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் கை தூக்குவதும் கையெழுத்துப் போடுவதும்தான் என் வேலையாக இருந்தது.

நான் பெருமைப்பட்ட காரியம் ஒன்றே ஒன்று. செய்யூர் பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கம் எங்கள் தெரு, இன்னொரு பக்கம் காலனி, நடுவில் சவுக்குத் தோப்பு. எங்கள் தெருவில் மூடிக் கிடந்த ரேஷன் கடைக் கட்டடத்தைச் சரிசெய்து, அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் படிப்பகமாக ஆக்கலாம் என்று பேச்சு வந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்துவிட்டால் வம்பு இருக்காது என்றார் ஒருவர். ஒன்றுதான், அதுவும் எல்லோருக்கும் பொது என்றார் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தவர். அதற்கு முதலில் கை தூக்கியது நான். கட்டடம் என் வீட்டுக்கு எதிரிலேயே இருந்ததால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

எங்கள் தெருப் பையன்கள் நேராக என் வீட்டுக்குள் வந்து, கூடத்து ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொள்வார்கள். காலனியிலிருந்து தினமும் வந்தவள் ஒரு பெண். போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை வீடு, அவளுக்குக் கீழே தம்பி தங்கைகள் மூன்று பேர். விடியற்காலையில் படிப்பகத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்குப் படிப்பு. கேட்டுக்கு வெளியே நின்று, “க்கா, சாவி” என்பாள். நான் கொண்டுபோய்ச் சுற்றுச்சுவர் மேல் வைப்பேன். அவள் எடுத்துக்கொள்வாள். கேட்டுக்கு வெளியே நிற்கிற காலனிக்காரர்களுக்கு எங்கள் தெருவில் எதையும் அப்படித்தான் கொடுப்பது வழக்கம். கூலியும் பொங்கலும் பழைய புடவையும் அந்தச் சுவர் மேல்தான் வைக்கப்படும். எட்டு மாதம் இப்படியே நடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு நாள் தூறலாக இருந்தது. புத்தகத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அவள் இன்னொரு கையை நீட்டினாள். என் கை அந்த உள்ளங்கையைத் தாண்டிப்போய்ச் சாவியை நனைந்த சுவர் மேல் வைத்தது. வைத்த பிறகுதான் நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நீட்டிய கையைச் சற்று நேரம் மடக்கவே இல்லை. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. முதல் பஸ் ஏறி மதுராந்தகம் போய், நூலகம் திறக்கும் வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று பால் ஊற்ற வந்தவர் சொன்னார். தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

சுதந்திர தினத்துக் கிராம சபையில் அவள் எழுந்தாள். படிப்பகத்துச் சாவியை ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

“எதிர் வூட்லதான கீது? அங்க இன்னாம்மா கஷ்டம்?” என்றார் தலைவர்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “சாவி வாங்க நாலு எட்டு நடக்க முடியல. இது ஓடிப்போயி திருடனப் புடிக்கப் போவுதாம்.” கூட்டம் சிரித்தது.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் காத்திருந்தாள். நான் மடியிலிருந்த தீர்மான நோட்டைப் புரட்டினேன்.

“ஒண்ணும் இல்லண்ணா. காத்தால அவங்கள எழுப்ப வேண்டியதா கீது, அதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

உங்களுக்குத் தொந்தரவா என்று தலைவர் என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சாவி என்னிடமே இருக்கட்டும் என்று முடிந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் சாவியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். ஓட்டுக் கேட்கப் போனதற்குப் பிறகு அன்றுதான் போகிறேன். அவள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாவியை நீட்டி, “நீயே வெச்சுக்கம்மா” என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அது வரவில்லை.

“கை ஈரமா கீதுக்கா. அந்தச் செவுத்து மேல வெச்சுட்டுப் போங்க” என்றாள்.

அவள் கையில் நிஜமாகவே தண்ணீர் சொட்டியது. ஆனால் ஈரத்துக்காக மட்டும்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூசாத குட்டைச் சுவர் ஒன்று இருந்தது. அதன் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது விடியற்காலையில் அவளே திறக்கிறாள். என் சன்னல் வழியாக வெளிச்சம் தெரியும். அவள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். என் கொழுந்தன் மகன் வந்தான். “இன்னா பெரிம்மா, சாவிக்கு அவங்க வூட்டாண்ட போயி நாங்க நிக்கணுமா?” என்றான். அவள் எட்டு மாதம் நம் வீட்டு வாசலில் நின்றாளே என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. போய் அடுப்பைப் பார்த்தேன். அவன் யாரையோ அனுப்பி அவளிடமிருந்து சாவியை வாங்கி, செய்யூரில் இன்னொன்று வெட்டிக்கொண்டு வந்து பழைய ஆணியில் மாட்டினான். அன்றிலிருந்து பையன்கள் மாலையில் போகிறார்கள், அவள் காலையில் போகிறாள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

தீர்மான நோட்டில் ‘அனைவருக்கும் பொதுவான படிப்பகம்’ என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அந்த இரண்டாவது சாவியை நான் கழற்றவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறேன்.